ஏழாவது வீட்டு அரிசி

எனக்கு வாய் நீளம். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பேசிப் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். அந்த வாயால், என் வீட்டு வாசலில் வந்து நின்ற சிநேகிதியிடம் ஒரு நாள் நாலு வார்த்தை சொன்னேன். அந்த நாலு வார்த்தையை அவள் என்ன செய்தாள் என்பது ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அன்றிலிருந்து அவளை நினைத்தாலே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

நாங்கள் இருவரும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம். நான் டவுன் பெண். அவள் கொடைரோடு பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருவாள். அவளுடைய அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. காய்ப்புக் காலத்தில் அவளுடைய தூக்குச்சட்டியின் மேல் தட்டு முழுக்கப் பன்னீர் திராட்சையாக இருக்கும். மத்தியானம் மணி அடித்ததும் அந்தத் தட்டை நடுவில் வைத்துவிட்டு, நாங்கள் எடுத்து முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் வெஞ்சனத்தில், பொரியலோ அப்பளமோ, ஒரு துண்டு கொடுத்தால் மட்டும் வாங்க மாட்டாள். "எனக்கு வாங்கித் தின்னு பழக்கம் இல்லடி" என்பாள். திமிர் பிடித்தவள் என்று நான் ஒரு முறை இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் என் பையைத் திறந்தால் உள்ளே திராட்சைக் கொத்து இருந்தது. சண்டை தீர்ந்தது, ஆனால் அவள் குணம் மாறவில்லை.

அவளுக்குக் கல்யாணமும் திராட்சைத் தோட்டத்துக்குள்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கும் அதே பக்கம் பெரிய தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி கட்டிய பந்தல், அதற்குக் கீழே பந்தி. தலைக்கு மேலே பழம் தொங்க, சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்து என் பட்டுப் பாவாடையில் ரசத்தைக் கொட்டிக்கொண்டது நினைவிருக்கிறது.

பிறகு நான் வேலைக்குப் போனேன், எனக்கும் கல்யாணம் ஆனது. எண்பதுகளின் நடுவில் அவள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. என் பக்கம் வேலை குறைவாக இருக்கிற மத்தியான வேளையில் அவளைக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் ஓசியில் பேசுவேன். பெண் குழந்தைகள் இரண்டு பிறந்ததும், வீட்டை எடுத்துக் கட்டியதும், கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது என்பதும் அந்த இரண்டு நிமிஷங்களில்தான் எனக்குத் தெரியும். அப்புறம் எல்லாம் தானியங்கி ஆனது. என்னைக் கருவியிலிருந்து எடுத்துக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கூப்பிடுவது குறைந்தது. சில வருஷம் கழித்து ஒரு நாள் நினைப்பு வந்து கூப்பிட்டால், அந்த இணைப்பு உபயோகத்தில் இல்லை என்றது.

இணைப்பு எதற்கெல்லாம் போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பில் கட்ட முடியாத எத்தனை பேருக்கு நானே துண்டிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன்! ஆனால் அவள் விஷயத்தில் அப்படி ஒரு எண்ணமே வரவில்லை. பெரிய வீட்டுக்காரர்கள், நம்பரை மாற்றியிருப்பார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை பார் என்று கோபித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

இனி எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் நான் செய்த காரியம் புரியும்.

நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தது மேட்டுப்பட்டிப் பக்கம். எங்கள் பகுதியில் கோயில் திருவிழா என்றால் அசனம்தான் பேச்சு. வந்தவர் எல்லோருக்கும் கறிச்சோறு. நேர்ந்துகொண்டவர்கள் ஆடு, கோழி, அரிசி, கத்தரிக்காய் என்று கொண்டுவந்து குவிப்பார்கள். இதில் சிலர் மட்டும், கடையில் அரிசி வாங்கிக் கொடுக்காமல், மடிப்பிச்சை எடுத்துக் கொடுப்பதாக நேர்ந்துகொள்வார்கள். டாக்டர் வீட்டு அம்மாவும் எடுப்பார், அரிசி மில் வைத்திருக்கிறவர் மனைவியும் எடுப்பார். வசதி உள்ளவள் வெறுங்காலோடு தெருவில் இறங்கி முந்தானையை ஏந்துவதுதான் அந்த நேர்த்தியின் அர்த்தமே.

அதற்கு முறை உண்டு. ஏழு வீட்டில் ஏந்த வேண்டும். ஏந்துகிறவள் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. போடுகிறவர்கள் இரண்டு கையும் சேர்த்து ஒரே ஒரு அள்ளு போட வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என்ன நேர்த்தி என்று கேட்கக் கூடாது. வேண்டுமானால், "எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கங்க" என்று சொல்லலாம். அப்படிச் சொல்லிவிட்டால் போட்டவருடைய கஷ்டமும் ஏந்தியவளுடைய மடியில் விழுந்த மாதிரி. கோயில் முன்னால் ஒரு பெரிய தார்ப்பாய் விரித்திருக்கும். அதில் கொண்டுபோய்க் கொட்டி, முழங்கால் போட்டு வேண்டிவிட்டு வர வேண்டும். பொன்னி, ரேஷன் அரிசி, புழுங்கல், பச்சை எல்லாம் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதனால் அசனச் சோறு ஒருபாடாக வேகாது. குழைந்ததும் இருக்கும், நறுக்கென்று கடிபடுவதும் இருக்கும். அதுதான் அதன் ருசி என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவோம்.

இரண்டாயிரம் பிறந்து மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, அந்தத் திருவிழாவுக்கு எனக்குச் சந்தோஷமே இல்லை. என் கணவருக்கு நெஞ்சில் அடைப்பு, அடுத்த வாரம் மதுரையில் ஆபரேஷன். அவர் என்னவோ எல்லாரிடமும், "இவ பேச்சக் கேட்டுக் கேட்டு அடைச்சிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று சிரித்துக்கொண்டிருந்தார். நான்தான் இரண்டு வாரமாகச் சாப்பிட்டது தொண்டையில் இறங்காமல் திரிந்தேன்.

அசனத்துக்கு முதல் நாள் காலை, பத்து மணி இருக்கும். வாசலில், "அம்மா, மடிப்பிச்சை" என்று குரல் கேட்டது. அன்றைக்கு அது மூன்றாவது ஆள். கதவைத் திறந்தேன். அவள் நின்றாள்.

அரக்கில் சின்னக் கரை போட்ட பட்டு கட்டியிருந்தாள். வெறுங்கால். முந்தானை இரண்டு கையிலும் விரிந்து, நடுவில் அரிசி கிடந்தது. மெலிந்திருந்தாள். வயசானால் சிலர் பெருப்பார்கள், சிலர் மெலிவார்கள் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

"ஏடி! நீயா!" என்று கத்தினேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். "என்னாடி இது, தோட்டக்காரம்மா எங்க தெருவுல வந்து ஏந்துற? உள்ள வா, உள்ள வா!"

"வரக் கூடாதுல்லடி" என்றாள். குரல் சின்னதாக வந்தது.

ஆமாம், நேர்த்தி. என் தலையில் நானே தட்டிக்கொண்டேன். "அதுவும் சரிதான். இரு, செத்த நேரம் நில்லு" என்று உள்ளே ஓடினேன். பானையிலிருந்து இரண்டு கையும் சேர்த்து அள்ளினேன். அள்ளியது கொஞ்சம் கூடிவிட்ட மாதிரி தெரிந்தது. முறை முறைதானே என்று விரலிடுக்கு வழியாகக் கொஞ்சத்தைப் பானையிலேயே உதிர்த்துவிட்டு வந்தேன். இந்த ஒன்றை மட்டும் எழுத எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை, ஆனால் எழுதிவிட்டேன்.

போடும்போது சும்மா போட்டேனா? "பணக்காரி ஏந்துனா சாமிக்கே கூச்சமாயிருக்கும்டி. கேட்டதக் குடுத்துருவாரு" என்று கேலி வேறு. அவள் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தாள். போகத் திரும்பினாள். அப்போதுதான் எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்ற வாரம் இவருக்கு நெஞ்சுல ஆபரேஷன். எங்களுக்கும் சேத்து வேண்டிக்கடி" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த அரிசியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. "சரிடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கே தங்கியிருக்கிறாய், எப்போது வந்தாய் என்று ஒன்றும் நான் கேட்கவில்லை. அவ்வளவு பேசுகிறவள், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரின் கை என்றார் என் கணவர். என் சிநேகிதியின் மடிப்பிச்சை என்றேன் நான். ஊரெல்லாம் சொன்னேன். அடுத்த வருஷத் திருவிழாவில் அவள் வருவாள் என்று, அவளுக்காகவே முறுக்குச் சுட்டு வைத்துக்கொண்டு காலையிலிருந்து வாசலைப் பார்த்தேன். வரவில்லை. "பெரிய இடம், நம்ம ஞாபகம் எங்கிருந்து இருக்கும்" என்று முறுக்கை நானே தின்றேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் என் கணவர், "உன் சிநேகிதியை நாமதான் போய்ப் பாப்பமே. எனக்காக வேண்டுனவளுக்கு நான் ஒரு கும்பிடாவது போட வேண்டாமா" என்றார். பழத்தையும் ஒரு சேலையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். கொடைரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் நான் அவருக்கு அந்தத் தோட்டத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனேன். தலைக்கு மேலே பழம் தொங்கும், அண்ணாந்தால் வாயில் விழும் என்றேன்.

ஆட்டோ நின்ற இடத்தில் கல்தூண்கள் மட்டும் நின்றன. வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய மட்டும். கம்பி இல்லை, கொடி இல்லை, ஒரு இலை இல்லை. தரை வெடித்துக் கிடந்தது. இடம் மாறி வந்துவிட்டோம் என்று ஆட்டோக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அப்புறம்தான் அந்த வீடு கண்ணில் பட்டது. எடுத்துக் கட்டினேன் என்று அவள் சொன்ன அதே வீடு, கதவில் வேறு யாருடைய பெயரோ எழுதியிருந்தது.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்தார். "அவுகளா? ஆறு போரு போட்டாக தாயி. ஆறும் புகையாத்தான் வந்துச்சு. ஒன்னுல தண்ணி வந்துரும், ஒன்னுல தண்ணி வந்துரும்னு போட்டுப் போட்டே எல்லாம் போச்சு. வித்துட்டு திண்டுக்கல்லுக்குப் போயிட்டாக. மூணு வருசம் இருக்கும்."

"மூணு வருஷமா?"

"மூணு இருக்கும் தாயி. கூடத்தான் இருக்கும்."

நான் விரலை மடக்கி எண்ணினேன். அவள் என் வாசலில் ஏந்தி நின்றது போன திருவிழாவுக்கு முந்திய திருவிழாவில். அதற்கு முன்னாலேயே இந்தத் தோட்டம் இல்லை. திரும்பவும் எண்ணினேன். எப்படி எண்ணினாலும் அதுவேதான் வந்தது. அவள் வசதியுள்ளவளாக வந்து நிற்கவில்லை. அந்தப் பட்டு, அந்த வெறுங்கால், அந்தச் சின்னக் குரல். அவள் நேர்த்திக்காக ஏந்தவில்லை. பசிக்காக ஏந்தியிருக்கிறாள். நான் விரலிடுக்கில் அரிசியை உதிர்த்திருக்கிறேன்.

என் கணவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொண்டுபோன பழத்தை அந்தப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். வீடு வருகிற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அவளைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. நாகல் நகர் பக்கம், வரிசை வீடு ஒன்றில், ஒற்றை அறை. என் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். நான் சும்மா போகவில்லை. ஒரு மூட்டை பொன்னி அரிசியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். "மூட்டை வேண்டாம், நீ மட்டும் போ" என்றார் என் கணவர். நான் யார் பேச்சைக் கேட்டேன்? தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வாசலிலேயே சின்ன வெங்காய நெடி அடித்தது. உள்ளே ஒரு சாக்கு நிறைய வெங்காயம். பிரியாணிக் கடைகளுக்கு உரித்துக் கொடுக்கிற வேலை. அவள் தரையில் உட்கார்ந்து கத்தியே இல்லாமல், நகத்தால் நுனியைக் கிள்ளி, ஒரே இழுப்பில் தோலை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"வந்துட்டியா" என்றாள். ஏதோ நேற்றுப் பார்த்த மாதிரி.

நான் உட்கார்ந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அவள் கண் காய்ந்துதான் இருந்தது. "அழுறதா இருந்தா நல்லா அழுதுக்கடி. யாராவது கேட்டா வெங்காயம்னுரலாம்" என்றாள். பள்ளிக்கூடத்துக் கிண்டல் அப்படியே இருந்தது.

"தோட்டத்துக்குப் போயிருந்தோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். வீட்டுக்காரர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் காவல் வேலைக்குப் போயிருக்கிறார். அந்தத் திருவிழாச் சமயம் அவருக்கு மஞ்சள் காமாலை, வேலை இல்லை. வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. பெண்களில் பெரியவள் அப்போது பன்னிரண்டாவது, சின்னவள் எட்டாவது. என் சிநேகிதிக்கு யாரிடமும் போய்க் கேட்க வாய் வரவில்லை.

"அன்னைக்குக் காலையில தண்ணிக்குடத்தோட நின்னேன். டாக்டரம்மா ஏந்திக்கிட்டுப் போனாங்க. பாத்துக்கிட்டே நின்னேன். இந்த ஒரு வாரம், எவ நேந்துக்கிட்டு ஏந்துறா, எவ இல்லாம ஏந்துறான்னு யாருக்குடி தெரியும்? ஒரு பட்டு மட்டும் மிச்சம் இருந்துச்சு. கட்டிக்கிட்டு இறங்கிட்டேன். தெரிஞ்சவுக இல்லாத தெருவாப் பாத்து வந்தேன். ஆறு வீடு முடிஞ்சது. ஏழாவது நீ கதவத் தொறக்குற. ஓடிரலாம்னு பாத்தேன். நீ கத்துன கத்துல தெருவே முழிச்சுக்கிருச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடி."

"சொல்லத்தான் நெனச்சேன். நெசமாத்தான் சொல்றேன். நீ அரிசி எடுக்க உள்ள போனப்ப, இவகிட்டச் சொல்லிருவோம்னுதான் நின்னேன். நீ வந்து புருசனுக்கு ஆபரேஷன், வேண்டிக்கன்னுட்ட. அப்புறம் நான் என்னத்தச் சொல்றது?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நான் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த அரிசி அன்னைக்கு எத்தனை வேளைக்கு வந்துச்சு?"

"எந்த அரிசி?" என்றாள். "கோயில்ல கொட்டிட்டேனே."

எனக்குப் புரியவில்லை.

"நீ கேட்டுட்டடி. கேட்ட அப்புறம் அது என் அரிசியா? உன் வீட்டுக்காரரு உசுருல்ல அது. அதப் போய் நான் எப்படி உலையில போடுவேன்?"

"என் வீட்டு அரிசி ஒரு அள்ளுதானடி. மத்த ஆறு வீட்டு அரிசியையாவது…"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற சிரிப்பு. "மடியில எல்லாம் கலந்து போச்சே. எது உன் அரிசின்னு எப்படிப் பொறுக்குறது?"

நேராகக் கோயிலுக்குப் போயிருக்கிறாள். தார்ப்பாயில் கொட்டியிருக்கிறாள். முழங்கால் போட்டு, முகமே தெரியாத என் கணவருக்காக வேண்டியிருக்கிறாள். வெறும் முந்தானையோடு வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம், "நாளைக்குக் கறிச்சோறுடி, இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் மூன்று பேரும் அசன வரிசையில் நின்று சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் எங்கேயோ நானும் நின்றிருக்கிறேன்.

நான் எத்தனையோ பூசை கண்டவள், எத்தனையோ பிரசங்கம் கேட்டவள். இப்படி ஒரு காரியத்தை நான் கேட்டதில்லை. இரண்டு நாள் பட்டினி, மடியில் அரிசி, வீட்டில் இரண்டு பிள்ளைகள். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப் போவதில்லை. சும்மா வாசலில் ஒருத்தி சொன்ன வார்த்தைக்காக அதைக் கொட்டிவிட்டு வருவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! எனக்கு அவள் காலைத் தொட வேண்டும் போல இருந்தது. தொட்டிருந்தால் அடித்திருப்பாள்.

"பிள்ளைக ஒன்னும் சொல்லலையா?"

"சின்னவ மொணங்குனா. பெரியவதான், யாருக்கும்மா வேண்டுனன்னு கேட்டா. சொன்னேன். அவளும் முழங்கால் போட்டா." பிறகு ஏதோ மறந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னாள். "போன திருவிழாவுக்கும் எடுத்தேன்டி. அது நெசமான நேர்த்திதான். உன் வீட்டுக்காரரு பொழச்சதுக்கு. உன் தெருப்பக்கம்தான் வரல."

"அவர் பொழச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"கோயில்ல பாத்தேனே. நீ பக்கத்துல உக்காந்து விலாவுல குத்திக்கிட்டே இருந்த, அவரு பிரசங்கம் பூரா தூங்கிக்கிட்டே இருந்தாரு. சரி, நல்லாத்தான் இருக்காருன்னு வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கிளம்பும்போது மூட்டை விஷயத்தை எடுத்தேன். ஆட்டோவில் இருக்கிறது, இறக்கச் சொல்லட்டுமா என்றேன். அவள் முகம் மாறியது. தூக்குச்சட்டியை நடுவில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த அதே முகம்.

"வேண்டாம்டி. கோயிலுக்குக் குடு. நான் அங்க வந்து தின்னுக்கிறேன்" என்றாள்.

மூட்டை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நான் வாரத்துக்கு ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கூடச் சேர்ந்து வெங்காயம் உரித்தேன். எனக்கு உருவ வராது, பாதியை உரித்தே தள்ளிவிடுவேன். திட்டுவாள். பேச்சு வந்தது, சிரிப்பு வந்தது. ஆனால் நான் கொண்டுபோன ஒரு பொட்டலத்தையும் அவள் வாங்கவில்லை. ஒரு நாள் பெரியவளுக்கு நர்சிங் படிக்க ஆசை என்று சின்னவள் உளறிவிட்டாள். எனக்கு ஒரு நர்சிங் பள்ளியில் ஆள் தெரியும் என்று ஆரம்பித்தேன். "பாத்துக்கலாம்டி" என்று பேச்சை வெட்டினாள். அந்தப் பெண் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டால் நான் செய்வேன், கேட்டால் நடந்துவிடும். ஆனால் அவள் கேட்க மாட்டாள். கேட்காதவளுக்கு எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த திருவிழா வந்தது. அசனத்துக்கு முதல் நாள் காலையில் நான் பட்டு கட்டினேன். செருப்பைக் கழற்றி வைத்தேன். என் கணவர் கேட்கவில்லை, என்ன நேர்த்தி என்று கேட்கக் கூடாதே. கதவை மட்டும் திறந்துவிட்டார்.

தெருவில் இறங்கி முந்தானையை விரித்ததும்தான் தெரிந்தது. தார் ரோடு காலைச் சுட்டது, அது ஒன்றும் பெரிதில்லை. முதல் வீட்டு வாசலில், "அம்மா, மடிப்பிச்சை" என்று சொல்ல எனக்குக் குரலே வரவில்லை. நேர்த்திக்கு ஏந்துகிறேன், என் வீட்டில் அரிசி இருக்கிறது, ஊருக்கே அது தெரியும். அப்படியும் வரவில்லை. இது எதுவும் இல்லாமல் அவள் ஆறு வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறாள்! மூன்று முறை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

ஆறு வீடு முடித்துவிட்டு நாகல் நகருக்கு நடந்தேன். அவள் வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, மடிப்பிச்சை."

அவள் எட்டிப் பார்த்தாள். கையில் வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. என்னையும், என் காலையும், என் மடியையும் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவளுக்கு முறை தெரியும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அளவுபார்க்கிற சத்தமோ, உதிர்க்கிற சத்தமோ கேட்கவில்லை. இரண்டு கையும் குவிய, விளிம்பில் நின்று வழிகிற அளவுக்கு அள்ளிக்கொண்டு வந்தாள். ரேஷன் அரிசி. கல் பொறுக்கி, நொய் புடைத்துச் சுத்தமாக இருந்தது.

போட்டாள். கையை எடுக்காமல் அப்படியே என் மடியின் மேல் வைத்திருந்தாள். அவள் உதடு அசைந்தது, நின்றது. நான் அசையவே இல்லை. என் வாழ்நாளில் நானாகவே வாயை மூடிக்கொண்டு நின்ற நேரம் அது ஒன்றுதான்.

"பெரியவளுக்கு நர்சிங் எடம் கெடைக்கணும்" என்றாள். "எங்களுக்கும் சேத்து வேண்டிக்கடி."

"சரிடி" என்றேன்.

கோயில் வரைக்கும் மடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு அரிசி கீழே விழவில்லை. தார்ப்பாயில் கொட்டினேன். முழங்கால் போட்டேன். வேண்டி முடித்து எழுந்து, அப்படியே வெறுங்காலோடு, கோயில் வாசலில் இருந்த தொலைபேசிக் கடைக்குப் போய், நர்சிங் பள்ளியில் எனக்குத் தெரிந்த ஆளுடைய நம்பரைச் சுழற்றினேன்.